கல்லுக்குள் ஈரம்: சேலத்து வெள்ளைக்கல் மலையின் எழுதப்படாத ஆவணங்கள்

வரலாற்றுக்குச் சான்று எது என்று வினவினால் கல்வெட்டு, செப்பேடு, காசு, ஓலைச்சுவடி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறோம். கல்வெட்டைப் படிக்கும்போதும் நம் கண் எழுத்தின்மீதே நிற்கிறது. எழுத்தைத் தாங்கும் கல்லை எழுதுபலகை என்ற அளவில் மதித்து, 'கருங்கல்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். அந்தக் கல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பிறந்த காலத்தில் அதைச் சூழ்ந்திருந்த நீரும் காற்றும் எத்தகையவை என்பதைக் கல் தனக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பொதிவைப் படிக்க மனிதர் கற்றுக்கொண்ட கதையையும், தமிழகத்தின் ஒரு வெள்ளை மலை அக்கதையில் பெறும் இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஏரியும் துளியும்

சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூரை அடுத்து விரிந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி. நிறைமட்ட ஆழம் 24 அடி. ஒருபுறம் திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகளின் நெடுவரிசை. மறுபுறம் தாகம் தீராத சென்னை. இவ்வேரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து, திருநீர்மலை, பரங்கிமலை ஆகியவற்றின் அருகே ஓடிக் கடலை அடைகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் இந்த நீர்வழியை அறியாத சென்னைவாசி இல்லை எனலாம்.

அந்த நீர்வழியை ஒட்டி நிற்கும் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லுக்குள்ளும் ஒரு சேமிப்பு உண்டு. ஏரியைக் கோடிக் கன அடியில் அளக்கிறோம். கல்லுக்குள் சிறைப்பட்ட துளியோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமே உடையது. அப்படி ஒரு துளியின் கொள்ளளவு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நிலவியலார் இதனைப் பாய்ம உட்பொதிவு என்பர். நாம் எளிமை கருதித் 'துளிச்சிறை' என்றே குறிப்போம்.

துளிச்சிறை எங்ஙனம் உண்டாகிறது? நம் வீட்டு அடுப்படியிலேயே விடை இருக்கிறது. திருஷ்டி கழித்தபின் கல்லுப்பை நெருப்பில் இட்டால் படபடவென்று வெடிக்கிறது. கண்ணேறு எவ்வளவு இருந்தது என்பதற்கு அவ்வோசையை அளவாகக் கொள்வது வழக்கம். உண்மையில் உப்பளத்தில் உப்புப் படிகம் வளரும்போது அதன் முகங்களில் விழும் சிறு குழிகளில் பாத்தி நீர் தங்குகிறது. அடுத்த அடுக்குப் படிகம் அக்குழியை மூடிவிடுகிறது. நெருப்பில் இட்டதும் உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகிச் சுவரை உடைக்கிறது. பாறைப் படிகங்களிலும் நிகழ்வது இதுவே. படிகம் வளர்ந்தபோது சூழ்ந்திருந்த நீரோ வாயுவோ உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. வெங்கச்சங்கல் பால்போல் வெளுத்துத் தோன்றுவதற்குக் காரணம், அதனுள் கோடிக்கணக்கில் நிறைந்திருக்கும் இத்தகைய சிறைகளே.

கல்லினுள் தேரைக்கும் உணவளிப்பவனைப் பற்றிப் பேசும் மரபினர் நாம். தேரை உண்டோ இல்லையோ, ஈரம் உண்டு என்பதில் ஐயமில்லை.

1858: நுண்ணோக்கியும் நடைப்பயணமும்

படிகங்களுக்குள் நீர் இருப்பதை ஐரோப்பியர் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். சர் ஹம்ப்ரி டேவி 1822இல் சில படிகங்களைத் துளைத்து உள்ளிருந்த நீரையும் வாயுவையும் ஆராய்ந்து எழுதினார். அடுத்த ஆண்டிலேயே டேவிட் பிரூஸ்டர், ஒன்றோடொன்று கலவாத இருவகைத் திரவங்கள் ஒரே குழிக்குள் இருப்பதை விவரித்தார். ஆயினும் அவை வியப்புக்குரிய பொருள்களாகவே இருந்தன, சான்றாக மாறவில்லை.

அவற்றைச் சான்றாக மாற்றியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி (1826–1908). 1858இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படைக் கருத்து மிக எளியது. சூடான திரவம் படிகத்துள் அடைபட்டபின் குளிர்ந்தால் சுருங்கும். சிறையின் சுவர் அந்த அளவுக்குச் சுருங்காது. எனவே உள்ளே ஒரு வெற்றிடக் குமிழி தோன்றும். அப்படிகத்தை மீண்டும் சூடாக்கினால் திரவம் விரிந்து, ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் குமிழி மறையும். அந்த வெப்பமே, படிகம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் கீழெல்லை. தாமே உப்புக்களைக் கரைத்துப் படிகங்களை வளர்த்து, தம் கருத்தைச் சோதித்தும் பார்த்தார் சோர்பி. மலையை நுண்ணோக்கியால் பார்ப்பதா என்று அக்கால அறிஞர் சிலர் எள்ளினர். அவரோ மனந்தளரவில்லை.

அதே 1858இல்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் இளைஞர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். சோர்பி அறைக்குள் அமர்ந்து ஒரு துளியை நோக்க, ஃபூட் தென்னாடு முழுவதையும் கால்நடையாகவும் குதிரையிலும் அளந்தார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக்குழியில் அவர் கண்டெடுத்த கற்கருவி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாயிற்று. அவ்வாண்டே வில்லியம் கிங்குடன் சென்று அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். திருப்பெரும்புதூர்ப் பகுதியில் தாவரப் புதைபடிவங்களைத் தாங்கிய படிவுப் பாறைகளை விவரித்து நூலாக்கியவரும் அவரே. கிங்கும் ஃபூட்டும் இணைந்து 1860களில் எழுதிய மற்றொரு அறிக்கை திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் நிலவியலைப் பேசுகிறது. நம் கட்டுரையின் நாயகமான சேலத்து வெள்ளைக்கல் மலை அவர்கள் அளந்த அந்நிலப்பரப்பைச் சேர்ந்ததே.

இலக்கிய ஆர்வலர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர். 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர். பெர்சிவல் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததும் ஃபூட் ஓய்வுக்காலத்தில் குடியிருந்ததும் ஏற்காட்டில்தான். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் ஃபூட்டின் நினைவுக்கல் இருக்கிறது. வெள்ளைக்கல் மலையோ ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் கிடக்கிறது. தமிழ்ப் பழமொழியைத் தொகுத்த மாமனாரும் தமிழ் மண்ணின் கல்லைத் தொகுத்த மருமகனும் ஒரே மலையில் வாழ்ந்தனர் என்பது நோக்கத்தக்கது.

சார்னாக்கின் கல்லறையும் கரியமிலக் குமிழும்

சேலத்தை அடையுமுன் பல்லாவரத்தில் சற்றே நிற்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் இங்கு ஒரு குடைவரை எடுத்து, தன் விருதுப்பெயர்களைப் பொறிக்கச் செய்தான். இன்று அக்குடைவரை இசுலாமியரின் வழிபாட்டிடமாக விளங்குகிறது. இவ்வூர்ப் பாறைக்கு உலகப்புகழ் வேறொரு வழியில் வந்தது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கல் என்று கண்டார் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. அவர் பெயரையே அப்பாறைக்குச் சூட்டினார். 1900இல் வெளிவந்த ஹாலந்தின் விரிவான நூலுக்குப்பின் 'சார்னோக்கைட்' என்னும் சொல் உலகெங்கும் வழக்கிற்கு வந்தது. பரங்கிமலைச் சார்னோக்கைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

சார்னோக்கைட்டுக்குத் தனித்தன்மை தருவது அதன் வறட்சி. நிலத்தின் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு பாகை வெப்பத்தில் உருமாறிய இப்பாறையின் கனிமங்களில் நீர் மிகக் குறைவு. நீர் எங்கே போயிற்று? கருநாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல்நிற நைஸ் பாறைக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் உண்டாகியிருப்பதைக் கண்டு, 1960இல் 'நேச்சர்' இதழில் எழுதினார் மைசூர் நிலவியலாளர் பிச்சமுத்து. பாறை உருமாறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோன காட்சி அது. பதினோர் ஆண்டுகள் கழித்து, ஜாக் தூரே என்னும் அறிஞர் நார்வே நாட்டின் இத்தகைய வறண்ட பாறைகளில் துளிச்சிறைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் நீருக்கு மாறாக அடர்ந்த கரியமில வாயு இருப்பதைக் கண்டார். 1980களில் நியூட்டன், ஹேன்சன், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜனார்த்தன் ஆகியோர் தென்கருநாடகப் பாறைகளிலும் அதையே கண்டனர். ஆழத்திலிருந்து பொங்கிய கரியமில வாயு நீரை வெளியேற்றியதே சார்னோக்கைட்டின் பிறப்பு என்ற கொள்கை வலுப்பெற்றது.

மறுப்புகளும் எழுந்தன. அத்துளிகள் உண்மையில் பாறை உருமாறியபோதே அகப்பட்டவைதாமா, பின்னாளில் விரிசல்வழி நுழைந்தவையா என்று சிலர் வினவினர். நீர், உருகிய குழம்பில் கரைந்து வெளியேறிவிட, எஞ்சிய கரியமில வாயு மட்டும் சிறைப்பட்டிருக்கலாமே என்றனர் வேறு சிலர். 1998இல் நியூட்டனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஆழ்நிலத்தில் அடர்ந்த உப்புநீரின் பங்கை வற்புறுத்தி எழுதினர். கரியமிலக் கொள்கையை முன்னிறுத்தியவரே புதுச்சான்றின் முன் தம் விளக்கத்தை விரித்துக்கொண்டார். துளி இருந்தது உண்மை. துளி சொன்னதன் பொருள் பற்றியே வழக்கு. கல்வெட்டு ஆய்விலும் இத்தகைய வழக்குகளை நாம் அறிவோம்.

வெள்ளைக்கல் மலை

இனிச் சேலம். நகரின் வடமேற்கே சேர்வராயன் மலையடியில், தாழ்ந்த குன்றுகளும் மேடுகளுமாகக் கிடக்கிறது அந்நிலம். கரும்பச்சைப் பாறையின் ஊடே வெள்ளை வெளேரென்ற இழைகள் வலைபோலப் பின்னி ஓடுகின்றன. தூரத்திலிருந்து நோக்கிய ஆங்கிலேயர் தம் நாட்டுச் சுண்ணக்குன்றுகளை நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்றழைத்தனர். உண்மையில் அங்குச் சுண்ணக்கட்டி இல்லை. அந்த வெள்ளைக்கல் மக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். வெள்ளக்கல்பட்டி என்ற ஊர்ப்பெயரிலேயே அக்கல் வாழ்கிறது. மக்னசைட் என்ற பெயரைத் தாங்கிய இரயில் நிலையமும் அங்குண்டு.

கரும்பச்சைப் பாறையின் வரலாறு மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலில் அது டியூனைட் என்னும் பாறை. பெரிதும் ஒலிவின் என்ற ஒரே கனிமத்தாலானது, மக்னீசியம் மிகுந்தது, ஆழத்தின் பிள்ளை. இரண்டாம் கட்டத்தில் அதனுள் நீர் புகுந்தது. நீரும் ஒலிவினும் கூடிச் செர்ப்பென்டைன் என்ற வழவழப்பான பச்சைக் கனிமமாயின. பாம்பின் தோலைப்போல் பளபளத்து வரியோடுவதால் வந்த பெயர் அது. இம்மாற்றத்தில் பாறை பருத்து வெடிக்கும். இரும்பு துருவேறுவதுபோல் ஆக்சிஜனை ஏற்க, ஹைட்ரஜன் வாயு பிரியும். மூன்றாம் கட்டத்தில் கரியமில வாயு கலந்த நீர் அவ்வெடிப்புகளில் ஓடியது. பாறையின் மக்னீசியம் அந்நீரில் கரைந்து, வாயுவோடு கூடி, வெள்ளைக்கல்லாக வெடிப்புகளில் படிந்தது. மிஞ்சிய சிலிக்கா ஆங்காங்கே கால்சிடனியாகவும் படிகக்கல்லாகவும் உறைந்தது.

1896இல் சி. எஸ். மிடில்மிஸ் என்னும் நிலவியலாளர் இம்மலையின் பாறைகளையும் அவற்றிலிருந்து பிறந்த கனிமங்களையும் பற்றி எழுதியபோதே, வெள்ளைக்கல் தாய்ப்பாறையின் சிதைவில் வந்த பொருள் என்பது தெளிவாகியிருந்தது. உலகின் பிற இடங்களிலும் இவ்வகை உண்டு. ஆஸ்திரியாவின் கிரௌபாத் என்னும் ஊரின் பெயரால் நிலவியலார் இதனைக் குறிப்பர். கிரேக்கத்தின் யூபியா தீவிலும் இத்தகைய வெள்ளை இழைகள் வெட்டியெடுக்கப்பட்டன.

அப்படியாயின் எஞ்சிய வினா ஒன்றே: கரியமில வாயு எங்கிருந்து வந்தது? உலகெங்கும் இதற்கு இரண்டு விடைகள் உண்டு. மேலிருந்து வந்தது என்பது ஒன்று: மழைநீர் மண்ணின் வேர்களிலும் மக்கிய இலைகளிலுமிருந்து வாயுவைச் சுமந்து கீழிறங்கிப் பாறையைக் கரைத்தது. கீழிருந்து வந்தது என்பது மற்றொன்று: ஆழ்நிலத்து வாயுவும் வெந்நீரும் வெடிப்புகளின்வழி மேலேறின. இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தக்கது அந்நீரின் எச்சமே, அதாவது துளிச்சிறை.

சாட்சியை விசாரிக்கும் முறை

விசாரணை எப்படி நடக்கிறது? இழையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றை அறுத்து, இருபுறமும் கண்ணாடிபோல் மெருகேற்றுவர். நுண்ணோக்கியின் கீழுள்ள சிறு மேடையில் அதனை வைத்துத் திரவ நைட்ரஜனால் குளிரவைப்பர். துளி உறையும். பின் மெல்ல மெல்லச் சூடேற்றி, எந்தப் பாகையில் என்ன நிகழ்கிறது என்று குறிப்பர்.

பனிக்கட்டி பூச்சியப் பாகையில் உருகினால் சிறைப்பட்டது நன்னீர். பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ இரண்டு பாகையில் உருகி முடிந்தால் கடல்நீரை ஒத்த உவர்ப்பு. இருபத்தோரு பாகைக்குக் கீழேயே உருகத் தொடங்கினால் அதில் உப்போடு உப்பாக வேறு தாதுக்களும் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே 56.6 பாகையில் ஏதேனும் உருகினால் அது தூய கரியமில வாயு. அதற்கும் கீழே உருகினால் மீத்தேன் போன்ற கலப்பு இருத்தல் வேண்டும். அடுத்துத் துளியைச் சூடாக்கிக் குமிழி மறையும் பாகையைக் காண்பர். சோர்பி காட்டிய வழி அது. துளிகளில் குமிழியே இல்லாமல் திரவம் மட்டும் நிறைந்திருந்தால், அவை பெரும்பாலும் ஐம்பது பாகைக்குட்பட்ட குறைந்த வெப்பத்தில் அகப்பட்டவை. நன்னீரும் குறைந்த வெப்பமும் மழைநீரின் பக்கம் சாயும். உவர்ப்பும் உயர்வெப்பமும் ஆழத்தின் பக்கம் சாயும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் சாட்சிகள் எல்லாரும் உண்மை பேசுவதில்லை. இவ்விடத்தில் நம் கல்வெட்டியல் ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அச்சுவரில் பல்லவர் காலச் செய்தி சோழர்கால எழுத்தில் நிற்கிறது. செய்தி பழையது, எழுத்து புதியது என்று உணராதவர் காலக்கணிப்பில் இடறுவார். துளிச்சிறைகளிலும் இத்தகைய படிகள் உண்டு. படிகம் வளர்ந்தபோதே அகப்பட்டவை முதனிலைத் துளிகள். வளர்ந்து முடிந்த படிகம் பிளந்து, அப்பிளவு மீண்டும் ஆறியபோது நுழைந்தவை வழிநிலைத் துளிகள். பின்னவை ஆறிய வடுவைப்போல் கோடுகளாக அணிவகுத்து நிற்கும். ஒரே படிகத்தில் இரண்டும் இருக்கும். இரண்டையும் கலந்து சராசரி காண்பது, முதலாம் பராந்தகன் கல்வெட்டையும் மூன்றாம் குலோத்துங்கன் கல்வெட்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதற்கு ஒப்பாகும்.

கார்பனேட் படிகங்களில் இடர் இன்னும் மிகுதி. அவை மென்மையானவை, எளிதில் பிளப்பவை. பின்னாளில் சற்றே சூடேறினாலும் உள்ளழுத்தத்தால் சிறையின் சுவர் விரிந்துவிடும். வடிவம் பழையதாகவே தோன்றும், கொள்ளளவு மாறியிருக்கும். அப்போது குமிழி மறையும் பாகையும் பொய்யாகும். எனவேதான் அடைபட்ட பொருள் கசியவில்லை, கொள்ளளவு மாறவில்லை, அடைபடும்போது ஒரே நிலையில் இருந்தது என்ற மூன்றும் உறுதியான பின்னரே ஒரு துளியின் வாக்குமூலத்தை ஏற்பர். இத்துறையின் பெருநூலை 1984இல் எழுதிய எட்வின் ரோடர் இந்த எச்சரிக்கையை வலியுறுத்தினார்.

சேலத்துக் கல்லுக்கு மேலும் ஓர் இயல்பு உண்டு. அதன் மணிகள் மிக நுண்ணியவை. உடைத்த முகம் வழவழவென்று பீங்கான்போல் இருக்கும். மணி சிறியதாகுந்தோறும் அதனுள் பார்க்கத்தக்க துளி இருப்பதும் அரிதாகும். எனவே இத்தகைய இடங்களில் அருகே உறைந்த படிகக்கல்லையும், இழையின் ஓரங்களில் பருத்து வளர்ந்த கார்பனேட் மணிகளையும் தேட வேண்டும். கரி, ஆக்சிஜன் அணுக்களின் எடை வேறுபாட்டை அளந்து, வாயு மண்ணில் பிறந்ததா ஆழத்தில் பிறந்ததா என்று துணைச்சான்று பெற வேண்டும். இழை எதனை வெட்டிச் செல்கிறது, எது இழையை வெட்டுகிறது என்ற வரிசையைக் களத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஆழத்தை நோக்கிச் செல்லச் செல்ல இழைகள் மெலிகின்றனவா என்பதும் ஒரு சான்றே.

இங்கே ஒரு மயக்கத்தையும் சுட்ட வேண்டும். தென்னிந்தியச் சார்னோக்கைட்டில் கரியமில வாயு குமிழியாக நிற்கிறது. சார்னோக்கைட்டாலான சேர்வராயன் மலையின் அடிவாரத்திலோ அவ்வாயு கல்லாகவே உறைந்து நிற்கிறது. இரண்டையும் இணைத்து ஒரு பெருங்கதை புனையும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் வடதமிழகச் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் உருமாறியது. வெள்ளை இழைகளோ, பாறை மேலெழுந்து, நீரேறி, வெடித்தபின் அவ்வெடிப்புகளில் படிந்தவை. அருகருகே இருப்பதனாலேயே இரு சான்றுகள் உறவாகிவிடா. ஒரே ஊரில் கிடைத்தன என்பதற்காகச் சங்ககாலக் காசையும் விசயநகரக் காசையும் ஒரே வணிகன் கையில் நாம் வைப்பதில்லை அல்லவா?

உலைக்குப் போகும் ஆவணம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே சேலத்தில் வெள்ளைக்கல் பெருமளவில் வெட்டப்பட்டு வந்திருக்கிறது. காரணம் அதன் உறுதி. வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா, 2800 பாகைக்கு மேலேதான் உருகும். எஃகு கொதிக்கும் உலைக்கு உட்சுவர் எழுப்ப அதைவிடச் சிறந்த செங்கல் அரிது. 1979இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் தோன்றியது. 2011 முதல் இந்திய எஃகு ஆணையத்தின் துணை நிறுவனமொன்றும் இங்கே இத்தொழிலை நடத்துகிறது. செம்பரம்பாக்கத்துக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்திலும் வண்டித் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அங்குக் குவியும் எஃகுத் தகடு எந்த நாட்டு உலையில் உருகியதாயினும், அவ்வுலையின் உட்சுவருக்கு மக்னீசியா இன்றியமையாதது. தொழிலின் பயனை மறுப்பது நம் நோக்கமன்று. தலைமுறை தலைமுறையாகச் சேலத்துக் குடும்பங்கள் அக்கல்லை உடைத்தும் தரம் பிரித்தும் பிழைத்திருக்கின்றன.

ஆனால் சூளையில் நிகழ்வது என்ன என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். தூய மக்னசைட் நூறு கிலோவில் ஐம்பத்திரண்டு கிலோ கரியமில வாயுவே. எஞ்சிய நாற்பத்தெட்டு கிலோதான் மக்னீசியா. கல் சுடப்படும்போது பாதிக்கு மேல் காற்றில் கலந்துவிடுகிறது. மலை நீண்ட காலம் பூட்டிவைத்த வாயு சில மணிநேரத்தில் விடுதலை பெறுகிறது. அடுப்பில் இட்ட கல்லுப்பைப்போல் துளிச்சிறைகளும் வெடித்து அழிகின்றன. மழைநீரா ஆழ்நீரா என்று சாட்சி சொல்ல வேண்டியவை, விசாரிக்கப்படாமலே மறைகின்றன.

இதிலுள்ள முரணை உலகம் இன்று வேறு கோணத்தில் காண்கிறது. வளிமண்டலத்தில் பெருகிவரும் கரியமில வாயுவை எங்ஙனம் பூட்டுவது என்று தேடும் அறிஞர்கள், சேலத்தில் இயற்கை செய்து முடித்த வேலையைத்தான் செயற்கையாகச் செய்ய முயல்கின்றனர். ஓமான் நாட்டின் ஒலிவின் பாறைகளில் மழைநீர் இன்றும் கார்பனேட் இழைகளை உண்டாக்கிவருவதைக் கெலமென், மேட்டர் என்ற இருவர் 2008இல் எடுத்துக்காட்டி, அவ்வினையை விரைவுபடுத்தலாம் என்றனர். ஐஸ்லாந்தில் 2012இல் எரிமலைப் பாறைக்குள் நீரோடு செலுத்திய கரியமில வாயுவில் பெரும்பகுதி இரண்டாண்டுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் அறிவித்தனர். கடலடிப் பாறைகளின் ஒலிவின் படிகங்களுக்குள் உள்ள துளிச்சிறைகளில் மீத்தேனும் ஹைட்ரஜனும் இருப்பதை 2019இல் கிளைனும் உடனாய்வாளர்களும் விரிவாக நிறுவினர். அடைபட்ட நீர் சிறைச்சுவரையே செர்ப்பென்டைனாக மாற்றியபோது அவ்வாயுக்கள் பிறந்தன. உயிரின் துணையின்றியே மீத்தேன் பிறக்கும் என்பதால், இச்சிறுதுளி உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வுக்கும் சான்றாகிறது.

கல்லாக மாறிய கரியமில வாயு எத்தனை காலம் கல்லாகவே நிற்கும்? எந்த வெப்பத்தில், எத்தகைய நீரில் அம்மாற்றம் நன்கு நடைபெறும்? இவ்வினாக்களுக்கு ஆய்வகத்தில் சில ஆண்டுச் சோதனையே இயலும். நிலவியல் காலத்துச் சோதனையின் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்ட ஏடு, சேலத்து வெள்ளைக்கல் மலை.

நாம் செய்யத்தக்கது

கோயில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சுக் கருவியைச் சுவரில் செலுத்திக் கல்வெட்டின் கூர்மையை மழுங்கடித்த கொடுமையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். எழுத்துள்ள கல் அழிந்தால் நெஞ்சு பதைக்கிறது, அதுவே முறை. எழுத்தில்லாக் கல் அழியும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. எழுத்தில்லை என்பது நம் கண்ணின் குறையே அன்றிக் கல்லின் குறையன்று. 1858க்கு முன் எவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. பல்லாவரத்துச் சரளைக்குழியில் கிடந்த கற்கருவியும் 1863க்கு முன் வெறுங்கல்லாகவே கிடந்தது.

சுரங்கத்தை மூடச் சொல்ல வேண்டியதில்லை. கல்வெட்டைக் காக்க இயலாத இடத்தில் மைப்படி எடுத்து வைப்பது நம் வழக்கம். அதுபோல், வெட்டப்படும் ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் இழையும் தாய்ப்பாறையும் சேர்ந்த மாதிரிகள் சிலவற்றை, எடுத்த இடமும் ஆழமும் திசையும் குறித்து, பல்கலைக்கழகத்திலோ அருங்காட்சியகத்திலோ சேமித்து வைக்கலாம். கைவிடப்பட்ட குழிகளில் இழைவலை தெளிவாகத் தெரியும் ஒரு சுவரையேனும் விட்டுவைத்து, பரங்கிமலைப் பாறைக்குக் கிடைத்த மதிப்பை அதற்கும் வழங்கலாம். ஃபூட் தாம் சேர்த்த கற்கருவிகளை இடம் குறித்து வைத்திருந்தார். 1904இல் அத்தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. அவர் கனவிலும் கருதாத வினாக்களோடு இன்றைய ஆய்வாளர் அக்கற்களை அணுகுகின்றனர். இடம் குறிக்கப்பட்டிருந்ததாலேயே அது இயல்கிறது.

சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ செல்லும் வாசகர்கள், இரயிலோ பேருந்தோ வெள்ளைக் குவியல்களைக் கடக்கும்போது ஒரு கணம் நோக்குங்கள். அங்கே கிடப்பது சுண்ணாம்பு என்று உடன் வரும் குழந்தை சொன்னால் திருத்துங்கள். மழையோ ஆழ்நிலமோ சுமந்து வந்த வாயு, பச்சைப் பாறையின் மக்னீசியத்தோடு கூடிக் கல்லான இடம் அது என்றும், எது சுமந்து வந்தது என்பதற்கான விடை அக்கல்லுக்குள் ஒரு துளியாகக் காத்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். அந்தத் துளியைப் படிக்கப்போகும் கண் அக்குழந்தையுடையதாகவும் இருக்கலாம். படிப்பதற்குக் கல் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.